உரைத்திருத்தியும் திரை அமைப்பும்

பழைய மென்பொருளைப் புதிய காட்சி முறைக்குக் கொண்டு செல்வது எவ்வாறு?

கணிப்பொறியில் கடிதம், கட்டுரை, நிரல் முதலியவற்றை எழுதவும், எழுதியதைத் திருத்தவும் உதவும் மென்பொருளுக்கு உரைத்திருத்தி என்று பெயர். எழுதுபவர் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டியவுடன் அது திரையில் தோன்றுகிறது. இவ்விரண்டு செயல்களுக்கும் இடையில் கழியும் காலம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே, உரைத்திருத்தியே நேராகத் திரையில் எழுத்தை வரைகிறது என்று நாம் எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. திரைக்கும் உரைத்திருத்திக்கும் நடுவே மற்றொரு மென்பொருள் நின்று வேலை செய்கிறது. சாளரங்களுக்கு இடம் ஒதுக்குவதும், விசைகளையும் மௌஸின் அசைவுகளையும் உரிய நிரலுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும், வரைந்தவற்றைத் திரையில் சேர்ப்பதும் அதன் கடமைகளாகும். இதனைத் திரை அமைப்பு என்று இக்கட்டுரையில் குறிப்போம்.

திரை அமைப்புகள் நிலையானவை அல்ல. திரைகளின் நுண்மை பெருகுகிறது. பாதுகாப்புத் தேவைகள் மாறுகின்றன. பழைய அமைப்பு கைவிடப்பட்டுப் புதியது வருகிறது. ஆனால் நல்ல உரைத்திருத்தி ஒன்று அதன் உபயோகிப்பாளரின் கைப்பழக்கத்தோடு இணைந்துவிடுவதால், திரை அமைப்பைவிட நீண்ட ஆயுளைப் பெறுகிறது. அத்தகைய மென்பொருளைப் பழைய திரை அமைப்பிலிருந்து பிரித்தெடுத்துப் புதியதில் இயங்கச் செய்வதைத் தளமாற்றம் என்பர். இஃது ஒரு மொழியின் சொல்லுக்கு ஈடாக வேறு மொழியின் சொல்லை வைப்பது போன்ற எளிய வேலை என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று என்பதை ஈமாக்ஸ் என்னும் திறந்த மூல உரைத்திருத்தியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஈமாக்ஸின் தோற்றம்

1976-ம் ஆண்டில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் செயற்கை அறிவு ஆராய்ச்சிச் சாலையில் ஈமாக்ஸ் பிறந்தது. டெகோ என்ற முந்தைய திருத்தியின் மேல் அமைந்த கட்டளைத் தொகுப்பாகவே அது அப்பொழுது இருந்தது. இதை உருவாக்கியவர்களுள் முக்கியமானவரான ரிச்சர்டு ஸ்டால்மன், 1984-ம் ஆண்டில் அதனை முற்றிலும் புதிதாக எழுதத் தொடங்கினார். ஜி.என்.யூ. ஈமாக்ஸ் எனப்படும் இப்புதிய மென்பொருள் 1985-ம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருகிறது. இதன் உட்கரு சி மொழியிலும், மற்றப் பெரும்பகுதி லிஸ்ப் மொழியிலும் எழுதப்பட்டது. உபயோகிப்பவர் தாமே லிஸ்ப் நிரல் எழுதித் திருத்தியின் நடத்தையை மாற்றிக் கொள்ளலாம். இவ்வாறு பல்லாண்டுகளாகச் சேர்ந்த நிரல்களே ஈமாக்ஸின் செல்வம் எனலாம்.

அந்நாளில் திரை என்பது எழுத்துக்களை மட்டும் காட்டும் முனையமாகும். 24 வரிகளும், வரிக்கு 80 எழுத்துக்களும் அதில் அடங்கும். முனையத்தையும் கணிப்பொறியையும் இணைத்த கம்பியின் வேகம் மிகக் குறைவு. ஒவ்வொரு முறையும் முழுத்திரையையும் புதிதாக அனுப்பினால் எழுதுபவர் வெகுநேரம் காத்திருக்க நேரிடும். ஆகவே ஈமாக்ஸ் இரண்டு கட்டப் பட்டியல்களை நினைவில் வைத்துக் கொள்ளுகிறது. திரையில் இப்பொழுது இருப்பது எது என்பதை ஒன்று கூறும். இனி இருக்க வேண்டியது எது என்பதை மற்றது கூறும். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் பகுதியை மட்டுமே ஈமாக்ஸ் அனுப்புகிறது. கம்பிகள் விரைவு பெற்று, முனையங்கள் மறைந்த பின்னரும் இம்முறை நிலைத்து நிற்கிறது. பிற்காலத் தளமாற்றங்களில் தோன்றிய இன்னல்கள் சிலவற்றுக்கும் இதுவே வித்தாகும்.

மாஸசூஸெட்ஸ் கழகத்திலேயே 1984-ம் ஆண்டில் ராபர்ட் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் எக்ஸ் என்ற திரை அமைப்பை உருவாக்கலாயினர். அதன் 11-ம் பதிப்பு 1987-ம் ஆண்டில் வெளிவந்து, யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளின் பொதுத் திரை அமைப்பாக நிலைபெற்றது. எக்ஸ் முறையில் சர்வர் எனப்படும் ஒரு நிரல் திரையை ஆளுகிறது. மற்ற நிரல்கள் அதற்கு, "இந்த இடத்தில் இந்த எழுத்துத் தொடரை வரைக", "இப்பகுதியைப் பத்துப் புள்ளி மேலே நகர்த்துக" என்று ஆணைகள் அனுப்புகின்றன. மாறிய பகுதிக்கு மட்டும் ஆணை அனுப்பும் ஈமாக்ஸின் பழக்கத்துக்கு இம்முறை நன்கு பொருந்தியது. 1993-ம் ஆண்டில் வெளிவந்த 19-ம் பதிப்பில், ஒரே ஈமாக்ஸ் பல சாளரங்களைத் திறக்கும் வசதியும் ஏற்பட்டது.

இடையில் அமைந்த எல்லைக்கோடு

தளமாற்றம் எளிதாவதும் கடினமாவதும் மென்பொருளுக்குள் வரையப்பட்டுள்ள ஓர் எல்லைக்கோட்டைப் பொறுத்தது. கோட்டின் ஒரு பக்கத்தில் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவான பகுதி இருக்கும். மறுபக்கத்தில் ஒரு திரை அமைப்புக்கு மட்டும் உரிய பகுதி இருக்கும்.

ஈமாக்ஸில் எந்த வரியில் எந்த எழுத்து வடிவம் எந்த நிறத்தில் அமைய வேண்டும் என்று முடிவு செய்வது பொதுப்பகுதியின் வேலை. 2001-ம் ஆண்டில் வந்த 21-ம் பதிப்பில் இப்பகுதி புதிதாக எழுதப்பட்டு, பல்வேறு உயரமுள்ள எழுத்துக்களையும் படங்களையும் காட்டும் ஆற்றலைப் பெற்றது. இப்பொதுப்பகுதி தானாக எதையும் வரைவதில்லை. "வரையத் தொடங்குக", "இவ்வடிவங்களை வரைக", "இப்பகுதியைத் துடைக்க", "இவ்வரிகளை நகர்த்துக", "வரைதலை முடிக்க" என்பன போன்ற செயல்களின் அட்டவணை ஒன்றை அது வைத்திருக்கிறது. ஒவ்வொரு திரை அமைப்புக்கும் உரிய பகுதி அந்த அட்டவணையின் கட்டங்களைத் தன்னுடைய செயல்களால் நிரப்புகிறது. எக்ஸ் அமைப்புக்கு ஒரு தொகுதி, விண்டோஸுக்கு ஒரு தொகுதி, ஆப்பிள் கணிப்பொறிக்கு ஒரு தொகுதி எனத் தனித்தனி மூல நிரல் கோப்புகள் உள்ளன.

ஆயினும் எல்லைக்கோடு எங்கும் நேராகச் செல்லவில்லை. விண்டோஸிலும் ஆப்பிள் கணிப்பொறியிலும்கூட ஈமாக்ஸின் லிஸ்ப் செயல்கள் பலவற்றின் பெயர் எக்ஸ் என்ற எழுத்தையே முன்னொட்டாகக் கொண்டு விளங்குகின்றன. முதலில் எக்ஸுக்கென எழுதப்பட்டதே பின்னர் எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று என்பதற்கு இஃது ஓர் அடையாளம். பெயரை மாற்றுவது எளிது. பெயருக்குப் பின்னால் மறைந்துள்ள எண்ணங்களை மாற்றுவதே அரிது. அவற்றுள் முக்கியமானவற்றை இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

யாருக்காக யார் காத்திருப்பது?

ஸ்டீவ் ஜாப்ஸ் தோற்றுவித்த நெக்ஸ்ட் நிறுவனத்தின் நெக்ஸ்ட்ஸ்டெப் என்னும் அமைப்பு 1989-ம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கென ஆர்வலர்கள் ஈமாக்ஸைத் தளமாற்றம் செய்து, அதிகாரபூர்வமான மூல நிரலுக்கு வெளியே பல்லாண்டுகள் பேணி வந்தனர். 1997-ம் ஆண்டில் நெக்ஸ்ட் நிறுவனம் ஆப்பிளுடன் இணைந்தது. நெக்ஸ்ட்ஸ்டெப்பின் வழிவந்த கோக்கோ என்னும் நிரல் தொகுதி, 2001-ம் ஆண்டில் வந்த மேக் ஓ.எஸ். எக்ஸ் அமைப்பின் அடிப்படையாயிற்று.

ஆப்பிள் கணிப்பொறியில் ஈமாக்ஸின் 22-ம் பதிப்பு, கார்பன் என்ற வேறொரு தொகுதியைக் கொண்டு இயங்கியது. அப்பதிப்பு வெளிவந்த 2007-ம் ஆண்டிலேயே, கார்பனின் சாளரப் பகுதிகள் 64 பிட் முறைக்கு மாற்றப்படமாட்டா என்பது தெரியவந்தது. அதன் எதிர்காலம் முடிந்துவிட்டதென்பது இதன் பொருள். அச்சமயம், ஒதுக்குப்புறத்தில் வளர்ந்து வந்த நெக்ஸ்ட்ஸ்டெப் தளமாற்றம் கைகொடுத்தது. 2009-ம் ஆண்டில் வெளியான 23-ம் பதிப்பில் கார்பன் பகுதி நீக்கப்பட்டு, அதனிடத்தில் கோக்கோ பகுதி அமர்ந்தது. 2019-ம் ஆண்டின் மேக் ஓ.எஸ். 10.15 பதிப்பு 32 பிட் நிரல்கள் யாவற்றையும் ஏற்க மறுத்தபொழுது, ஈமாக்ஸ் உபயோகிப்பவர்களுக்குத் தீங்கு நேரவில்லை.

இத்தளமாற்றத்தில் எழுந்த பெருஞ்சிக்கல் காத்திருத்தலைப் பற்றியது. ஈமாக்ஸ் தன் வேலையைத் தானே நடத்த விரும்புகிறது. தனக்கு வேண்டிய நேரத்தில், "விசை ஏதேனும் தட்டப்பட்டதா?" என்று திரை அமைப்பைக் கேட்கிறது. கோக்கோவோ இதற்கு மாறானது. நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருக்கும் சுற்றைத் தானே நடத்தி, நிரலை வேண்டியபொழுது மட்டும் அது அழைக்கும். இரண்டு தலைவர்கள் ஒரு வீட்டில் இருப்பது போன்ற நிலை இது. ஈமாக்ஸ் ஒவ்வொரு முறையும் கோக்கோவின் சுற்றைத் தொடங்கிவைத்து, தானே தயாரித்த ஒரு போலி நிகழ்ச்சியை அதற்குள் அனுப்பி, அச்சுற்றை நிறுத்தி வெளியே வருகிறது. இவ்வாறு இரு தரப்புக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

ஹைக்கூ என்னும் திறந்த மூல இயக்க அமைப்பில் சிக்கல் வேறு வடிவம் கொள்ளுகிறது. அங்கு ஒவ்வொரு சாளரமும் தனித்தனிச் செயல் இழையாக ஒரே காலத்தில் இயங்குகிறது. ஈமாக்ஸின் லிஸ்ப் பகுதியோ ஒரு வேளையில் ஒரு வேலையையே செய்யவல்லது. ஆகவே சாளர இழைகள் தமக்கு வந்த நிகழ்ச்சிகளைக் கடிதங்களைப் போல ஒரு வரிசையில் இட, லிஸ்ப் இழை அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் படிக்கிறது. இத்தளமாற்றம் 2023-ம் ஆண்டில் வெளிவந்த 29-ம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

எப்பொழுது வரைவது?

2008-ம் ஆண்டில் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்பவர் வேலாண்ட் என்ற புதிய திரை நெறிமுறையைத் தொடங்கினார். அதன் 1.0 பதிப்பு 2012-ம் ஆண்டில் வந்தது. 2016-ம் ஆண்டில் ஃபெடோரா லினக்ஸின் 25-ம் பதிப்பு வேலாண்டையே தன் இயல்பான திரை அமைப்பாக ஏற்றது. பிற லினக்ஸ் வெளியீடுகளும் அவ்வழியைப் பின்பற்றலாயின.

வேலாண்டில் "இதை வரைக" என்ற ஆணைக்கே இடமில்லை. நிரல் தனக்கென நினைவகத்தில் ஒரு வரைபரப்பை வைத்துக்கொண்டு, படத்தை அதில் முழுமையாகத் தீட்டி முடித்து, அதனைத் திரையை ஆளும் நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். பல நிரல்கள் ஒப்படைத்த பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரையில் காட்டுவது ஆளும் நிரலின் பணி. பாதி வரைந்த படம் திரையில் தோன்றி மறையும் குறை இதனால் நீங்குகிறது.

ஈமாக்ஸ் ஜி.டி.கே. என்ற வரைகலைத் தொகுதியை 22-ம் பதிப்பிலேயே உபயோகித்து வந்தது. ஜி.டி.கே. வேலாண்டிலும் இயங்கவல்லது. ஆகவே ஈமாக்ஸும் தானாகவே வேலாண்டில் இயங்கியிருக்க வேண்டும் என்று தோன்றும். அவ்வாறு நிகழவில்லை. பட்டியல்கள், கருவிப்பட்டை, உருள்பட்டை ஆகிய வெளிப்புறங்களுக்கு மட்டுமே ஜி.டி.கே. பயன்பட்டது. நடுவிலுள்ள உரைப்பகுதியை ஈமாக்ஸ் எக்ஸ் ஆணைகளாலேயே வரைந்து வந்தது. வாயிலும் சன்னலும் புதியவை. ஆனால் வீட்டின் தூண்கள் பழையவை.

எக்ஸ் நிரல்களை வேலாண்டின்மேல் இயக்கும் எக்ஸ்வேலாண்ட் என்ற பாலம் உண்டு. ஆனால் நுண்மை மிகுந்த திரைகளில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும்பொழுது, அப்பாலத்தின் வழியே வரும் எழுத்துக்கள் பலவேளைகளில் மங்கித் தெரியும். நாள் முழுவதும் எழுத்தையே நோக்கியிருப்பவருக்கு இஃது அற்பமான குறையன்று.

இதனைத் தீர்க்க, எக்ஸின் துணையை முற்றிலும் நீக்கி ஜி.டி.கே.யை மட்டுமே நம்பும் தூய ஜி.டி.கே. தளமாற்றத்தைத் தொண்டர்கள் உருவாக்கினர். இதில் ஈமாக்ஸ் கெய்ரோ என்னும் வரைதல் நூலகத்தின் உதவியால் தனக்குரிய பரப்பில் வரைகிறது, ஜி.டி.கே. அழைக்கும்பொழுது அப்பரப்பைச் சாளரத்தில் பிரதி செய்கிறது. மாறிய பகுதியை மட்டும் வரையும் பழைய முறை இப்பரப்பின்மேல் தொடர்ந்து நடைபெறுகிறது. இதுவும் 29-ம் பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆப்பிள் கணிப்பொறியிலும் இதே பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது. 2018-ம் ஆண்டின் மேக் ஓ.எஸ். 10.14 பதிப்பில், நினைத்த நேரத்தில் சாளரத்தில் வரையும் பழைய வழி அடைபட்டது. அங்கும் முதலில் மறைவான பரப்பில் வரைந்து, பின்னர் அதனைக் காட்டும் முறையே கையாளப்பட்டது.

எங்கே நிற்கிறோம்?

எக்ஸ் அமைப்பில் ஒரு நிரல் தன் சாளரம் திரையில் எவ்விடத்தில் உள்ளது என்று அறியலாம். அதை வேறிடத்துக்கு நகர்த்தலாம். மௌஸ் குறியையும் இழுத்துச் செல்லலாம். மற்ற நிரலுக்கு உரிய விசைகளைக்கூட ஒட்டுக் கேட்கலாம். பின்னது பெரிய அபாயம் என்பதைக் கூறவேண்டியதில்லை. வேலாண்டு இக்கதவுகளை மூடிவிட்டது. சாதாரண நிரல் தன் சாளரம் எங்கே இருக்கிறது என்பதையும் அறியாது.

ஆனால் ஈமாக்ஸின் லிஸ்ப் நிரல்கள் அக்கதவுகள் திறந்திருந்த காலத்தில் எழுதப்பட்டவை. முன்னாள் திறந்திருந்த சாளரங்களை அதே இடங்களில் மீண்டும் வைப்பதற்கும், எழுதும் இடத்தை மறைக்காதவாறு மௌஸ் குறியை விலக்கி வைப்பதற்கும் ஈமாக்ஸில் வசதிகள் உண்டு. வேலாண்டில் இவற்றை முன்போல நிறைவேற்ற இயலாது. தளமாற்றம் செய்வோர் இங்கே நேர்மையுடன் நடந்துகொள்ள வேண்டும். புதிய அமைப்பு மறுப்பதை ஏதோ தந்திரத்தால் பெற முயலாமல், இது கிட்டாது என்று ஆவணத்தில் எழுதிவைப்பதே முறை.

எழுத்தின் வடிவம்

இந்திய மொழிகளில் எழுதுவோருக்கு மற்றொரு சிக்கல் மிக நெருக்கமானது. ஆங்கிலத்தில் ஒரு குறியீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு வடிவம். தமிழில் அவ்வாறன்று. 'கொ' என்ற எழுத்து, யூனிகோடு முறையில் 'க' என்ற குறியீடும் ஒகர உயிர்க்குறியும் சேர்ந்து இரண்டே குறியீடுகளால் ஆவது. திரையிலோ கொம்பு, க, கால் என மூன்று வடிவங்கள் தோன்ற வேண்டும். பின்னால் வரும் குறியீட்டின் ஒரு பாதி முன்னால் சென்று அமர்கிறது. ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்று எண்ணும் நிரலில் தமிழ் சிதைந்துவிடும்.

இவ்வாறு வடிவங்களைக் கோக்கும் பணியும் தளத்துக்குத் தளம் மாறுபடுகிறது. 2020-ம் ஆண்டில் வெளிவந்த 27-ம் பதிப்பு முதல் ஈமாக்ஸ் இதற்காக ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நூலகத்தை உபயோகிக்கிறது. ஆப்பிள் கணிப்பொறியில் கோர் டெக்ஸ்ட் என்னும் அந்நிறுவனத்தின் தொகுதி அப்பணியைச் செய்கிறது. ஆகவே ஒரே கோப்பு இரு கணிப்பொறிகளில் இரு வேறு பொறிகளால் வடிவம் பெறுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டுத் தளமாற்றம் முடிந்தது என்று கூறுவது போதாது.

தமிழைத் தட்டெழுதும் முறையில் எல்லைக்கோட்டின் பயனை நன்கு காணலாம். இயக்க அமைப்பு வழங்கும் உள்ளீட்டு முறையுடன் ஈமாக்ஸைப் பொருத்துவதற்கு எக்ஸில் ஒரு வழி, ஜி.டி.கே.யில் ஒரு வழி, கோக்கோவில் ஒரு வழி எனத் தனித்தனியே எழுத வேண்டும். ஆனால் ஐட்ரான்ஸ், இன்ஸ்கிரிப்ட் ஆகிய தமிழ் உள்ளீட்டு முறைகள் ஈமாக்ஸுக்குள்ளேயே லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டுள்ளன. அவை எந்தத் திரை அமைப்பையும் சாராதவை. எனவே எத்தளத்துக்குச் சென்றாலும் ஒரு வரியும் மாறாமல் உடன் வருகின்றன.

மூல நிரலின் பயன்

தளமாற்றம் நடைபெறாவிடில் என்ன நேரும்? நீண்ட தொழில்நுட்ப நூல்களை அமைப்பதற்குப் பெயர்பெற்றிருந்த ஃபிரேம்மேக்கர் என்னும் மென்பொருள் இதற்குச் சான்றாகும். அதனை வெளியிட்ட அடோபி நிறுவனம், மேக் ஓ.எஸ். எக்ஸ் அமைப்புக்கு அதை மாற்றவேயில்லை. 2004-ம் ஆண்டில் மாக்கின்டாஷ் பதிப்பையே நிறுத்திவிட்டது. பழைய நிரல்களை இயக்குவதற்கு ஆப்பிள் அளித்திருந்த தற்காலிக வசதியும் 2007-ம் ஆண்டின் மேக் ஓ.எஸ். 10.5 பதிப்பில் இல்லாமற்போயிற்று. அதில் நூல் எழுதி வந்தோர் வேறு கணிப்பொறியையோ வேறு மென்பொருளையோ நாட நேர்ந்தது. அவர்களுள் திறமைமிக்க நிரலாளர் இருந்திருந்தாலும் பயனில்லை. மூல நிரல் அவர்கள் கையில் இல்லை.

ஈமாக்ஸின் நிலை வேறு. ஜி.என்.யூ. பொது உரிமத்தின்படி அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை வழங்கலாம். மேலே கூறிய நெக்ஸ்ட்ஸ்டெப், தூய ஜி.டி.கே. தளமாற்றங்கள் இரண்டும் அதிகாரபூர்வமான மூல நிரலுக்கு வெளியே தொடங்கி வளர்ந்து, தகுதி பெற்ற பின்னர் உள்ளே ஏற்கப்பட்டவை. யாருடைய அனுமதிக்காகவும் அவை காத்திருக்கவில்லை.

நமக்குரிய பணி

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் கருத்து இது: திரை அமைப்பு என்பது வரைகருவிகளின் பட்டியல் மட்டுமன்று; எப்பொழுது வரைவது, யார் காத்திருப்பது, எதை அறியலாம், எதை அறியலாகாது என்பன பற்றிய நியதிகளின் தொகுதியுமாகும். கருவிகளை மாற்றுவது சில வாரங்களில் முடியலாம். நியதிகளுக்கு இணங்குவதற்குத்தான் ஆண்டுகள் செல்லுகின்றன.

நம் நாட்டிலும் திறந்த மூல இயக்க அமைப்புகள் உபயோகத்தில் உள்ளன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அத்தகைய அமைப்புகளின் அடித்தளத்தில் எக்ஸ் விலகி வேலாண்டு இடம்பெற்று வருங்காலத்தில், இந்திய எழுத்துக்களில் இயங்கும் ஒவ்வொரு மென்பொருளும் இதே சோதனைகளுக்கு உட்பட வேண்டியிருக்கும். அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. அவற்றின் கூட்டெழுத்துக்கள் புதிய திரையில் சரியாக அமைகின்றனவா, உள்ளீட்டு முறைகள் தடையின்றி வேலை செய்கின்றனவா, பழைய கோப்புகள் பழுதின்றித் திறக்கின்றனவா என்று சோதிப்பதை அம்மொழிகளில் நாள்தோறும் எழுதுபவர்களே நன்கு செய்ய முடியும்.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சாதாரணக் கணிப்பொறியும், மூல நிரலைப் பொறுமையுடன் படிக்கும் பழக்கமும் போதும். கல்லூரி மாணவர்கள் தம் தாய்மொழியில் ஒரு பக்கம் தட்டெழுதி, கண்ட குறையைத் தெளிவாக எழுதியனுப்பினால், அதுவும் தளமாற்றப் பணியில் ஒரு பங்காகும். புதிய திரை அமைப்பின் நியதிகள் இன்னும் உருவாகி வருகின்ற இக்காலத்தில் நம் எழுத்துக்களின் தேவைகளைத் தெரிவித்துவிட்டால், பின்னர் அவற்றைத் திருத்தும் சிரமம் குறையும்.